மருத்துவக் காப்பீட்டுச் சொற்களில் பொருள்மயக்கம்: காரைக்கால்மேட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவக் காப்பீட்டில் வழங்கும் தமிழ்ச்சொற்கள் சில, அன்றாட வழக்கில் பயனாளிக்குச் சாதகமான பொருளையும் ஆவணத்தில் அவருக்குச் செலவு வைக்கும் பொருளையும் தருகின்றன. இம்மயக்கம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் கடனாக முடியக்கூடும். அத்தகைய சொற்களைக் காரைக்கால்மேட்டின் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காப்பீடு, பணமில்லா சிகிச்சை, கழிவு, விலக்கு, பெயர்வுரிமை

முன்னுரை

காரைக்கால்மேடு வங்கக் கடலோர மீனவ ஊர். இது அடங்கிய காரைக்கால் மாவட்டம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. நிலப்பக்கத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டது. உயர் சிகிச்சைக்குத் தஞ்சாவூர் செல்பவர் ஆட்சி எல்லையைக் கடக்கிறார். அங்கே தம் அட்டை செல்லுமா என்ற வினாவுக்கு விடை, ஒரு சொல்லின் பொருளைச் சார்ந்தது.

காப்பீடு

தமிழகத்தில் காப்பீடு எனவும் இலங்கையில் காப்புறுதி எனவும் வழங்கும் இச்சொல் பல ஏற்பாடுகளுக்குப் பொதுவானது. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழுக் காப்பீடு, மீனவரின் விபத்து மரணத்திற்கு 5 லட்சம் ரூபாயும் விபத்துக்கான மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாயும் வழங்குகிறது. இஃது இதயநோய்க்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ உதவாது. விபத்துக் காப்பீடு வேறு, மருத்துவக் காப்பீடு வேறு.

பணமில்லா சிகிச்சை

இத்தொடர் இலவசத்தைக் குறிப்பதன்று. ஏற்கப்பட்ட தொகையைக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்தும் என்பதே பொருள். ஏற்கப்படாத தொகையை நோயாளியே செலுத்த வேண்டும்.

கழிவு

வணிக வழக்கில் கழிவு என்பது வாங்குபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி. 'டிடக்டிபிள்' என்பதைக் கழிவு எனப் பெயர்த்தால் பொருள் தலைகீழாகிறது. அது நோயாளி முதலில் ஏற்க வேண்டிய தொகை. 'விகிதாசாரக் கழிவு' மேலும் கவனத்திற்குரியது. நாளொன்றுக்கு 4,000 ரூபாய் வாடகை வரம்புள்ளவர் 8,000 ரூபாய் அறையில் மூன்று நாள் தங்குவதாகக் கொள்வோம். வாடகை 24,000, அறையின் தரத்திற்கேற்ப மாறும் மருத்துவர், அறுவை அரங்கக் கட்டணங்கள் 60,000, மருந்தும் பரிசோதனையும் 40,000. முதலிரண்டும் பாதியாகக் குறையும். மருந்து, பரிசோதனைச் செலவுகளை இவ்வாறு குறைக்க விதிகள் இடந்தருவதில்லை. நிறுவனம் தருவது 82,000. நோயாளி செலுத்துவது 42,000. வாடகை வேறுபாடான 12,000 மட்டுமே தம் பொறுப்பு என எண்ணியவர் மேலும் 30,000 ரூபாய்க்கு வழிதேட நேரும்.

விலக்கு

வரிவிலக்கு செலுத்துபவருக்கு நன்மை. காப்பீட்டு விலக்கு நோயாளிக்கு இழப்பு. முன்பே உள்ள நோய்களுக்குத் தனியார் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் உண்டு. 2024ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி அது 36 மாதங்களுக்கு மிகாது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் இக்காத்திருப்பு இல்லை.

பெயர்வுரிமை

'போர்ட்டபிலிட்டி' எனும் இச்சொல்லுக்கு இருபொருள் உண்டு. தனியார் காப்பீட்டில், முடித்த காத்திருப்புக் காலத்தை இழக்காமல் வேறு நிறுவனத்திற்கு மாறுதலை இது குறிக்கும். ஆயுஷ்மான் பாரத்தில், பிற மாநிலத்தின் பட்டியலிடப்பட்ட மருத்துவமனையிலும் அட்டையைப் பயன்படுத்தும் உரிமையைக் குறிக்கும். காரைக்கால்மேட்டுக்கு உயிரானது இரண்டாவது பொருளே. ஆனால் தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைதாரருக்குரியது. ஒரே மருத்துவமனையில் இரு திட்டங்களும் நடப்பினும், காரைக்கால் பயனாளி எத்திட்டத்தின் கீழ்ச் சேர்க்கப்படுகிறார் எனக் கேட்டறிதல் இன்றியமையாதது.

முடிவுரை

மேற்கண்ட சொற்களின் குறை ஒன்றே: பணத்தை யார் தருகிறார் என்பதை அவை உரைப்பதில்லை. 'நோயாளி முதலில் ஏற்கும் தொகை', 'காப்பீட்டில் சேராதவை', 'வெளிமாநிலப் பயன்பாடு' என்பன போன்ற தொடர்கள் நீண்டாலும் மயக்கம் தாரா. பாலிசிதாரர் விரும்பினால் தகவல் தாளை வட்டார மொழியில் தர வேண்டும் என்பது இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. தனியார் காப்பீடு குறித்த முறையீட்டிற்குக் காரைக்கால், சென்னைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரின் எல்லைக்குள் அடங்கும். ஆயுஷ்மான் பாரத்திற்கு 14555 என்ற உதவி எண் உள்ளது. கலைச்சொல்லாக்கத்தில் சுருக்கத்தினும் தெளிவு முந்த வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபு.