தொழுவம் கற்பித்த பாடம்

பங்குனி பிறந்துவிட்டால் கரிசல் பூமி வெறுமையாய்க் கிடக்கும் என்பது வெளியூர் மக்களின் எண்ணம். கம்பும் சோளமும் உளுந்தும் வீடு வந்து சேர்ந்தபின், வெடித்த மண்ணைத் தவிர அங்கே காண்பதற்கு ஒன்றுமில்லை என அவர்கள் கருதுவர். கோவில்பட்டிப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் பங்குப் பணி ஆற்றிவரும் நாமோ, இளவேனிலைப்போல் உயிர்த்துடிப்பு மிக்க பருவம் வேறொன்றைக் கண்டதில்லை. வேம்பு பூத்துத் தேனீக்கள் மொய்க்கின்றன. முருங்கை பூவும் பிஞ்சுமாய் நிற்கிறது. பனைகளில் பாளை சீவிப் பதநீர் இறக்கத் தொடங்குகின்றனர். தொழுவங்களிலோ புதிய குரல்கள் கேட்கின்றன.

நமது இல்லத்தின் பின்புறம் அரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உண்டு. இரண்டு கன்னி ஆடுகளும் ஏழெட்டு நாட்டுக் கோழிகளும் அங்கே வளர்கின்றன. கரிய உடலும் முகத்தில் வெள்ளைக் கோடுகளும் கொண்ட இக்கன்னி ஆடுகள், நம் தென் மாவட்டங்களுக்கே உரிய செல்வம். பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும் இயல்புடையவை. படிப்பறையில் பல ஆண்டுகள் கற்றும் நமக்கு விளங்காத ஒன்றை இச்சிறு தோட்டம் விளக்கியது. அன்பு இருந்தால் மட்டும் போதாது. அது உரிய வேளையில் வந்து சேரவும் வேண்டும் என்பதே அது.

முதலில் தோட்டத்தைப் பாருங்கள். கோடை மழை ஒன்று பெய்து மண் ஈரமானதும் உழவர் ஏர் பூட்டுகின்றனர். அவ்வுழவில் மண்ணுக்குள் உறங்கும் புழுக்களின் கூடுகள் மேலே புரளுகின்றன. பாதியை மைனாவும் கொக்கும் தின்ன, மீதியை வெயில் கொன்றுவிடுகிறது. ஈரம் காய்ந்தபின் உழ நினைத்தால் கட்டாந்தரையில் கொழு இறங்காது. கிணற்றடியில் வெண்டையும் கொத்தவரையும் போட்டிருக்கிறோம். உச்சி வெயிலில் ஊற்றும் நீரில் ஒரு பகுதி ஆவியாய்ப் போகும். மாலையில் ஊற்றி, வேரடியைச் சருகால் மூடிவைத்தால் அதே நீர் நெடுநேரம் நிற்கும்.

கோழியின் கணக்கோ இன்னும் கறாரானது. பத்துப் பன்னிரண்டு முட்டைகளின்மேல் அது இருபத்தொரு நாள் தவமிருக்கிறது. ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்த்தால், சிலந்தி வலைபோல் செந்நிற நரம்புகள் ஓடுவதைக் காணலாம். குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் அதன் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விடவேண்டும். வெள்ளைக் கழிச்சல் ஊருக்குள் நுழைந்தபின் மருந்து தேடி ஓடியவர்களின் பஞ்சாரங்கள் வெறுமையானதை நாம் கண்டிருக்கிறோம்.

இனி நமது தவற்றைச் சொல்லவேண்டும். ஐப்பசி மழையின் பசுந்தழை தின்று சினைப்பட்ட ஆடு, ஐந்து மாதம் சுமந்து பங்குனியில் ஈனும். சில ஆண்டுகளுக்குமுன் அவ்வாறே நமது ஆடு ஒன்று நள்ளிரவில் இரு குட்டிகளை ஈன்றது. உதவிக்கு வந்திருந்த அண்டை வீட்டு மூதாட்டி, "சாமி, நஞ்சு விழாமல் குட்டியை மடியில் விடக்கூடாது. தாய்க்கு ஆகாது," என்றார். அது அவ்வூரின் நெடுநாள் வழக்கம். நாமும் அதை மறுத்துப் பேசவில்லை. மடியைத் தேடித் தடுமாறிய இரு குட்டிகளையும் நமது கைகளாலேயே தூக்கிச் சாக்கில் கிடத்திவிட்டு உறங்கச் சென்றோம். விடியலில் நஞ்சுக்கொடி விழுந்திருந்தது. இளைய குட்டி குளிர்ந்து கிடந்தது. மூத்தது கழிச்சல் கண்டு நான்காம் நாள் இறந்தது. தாய் ஆடு இரண்டு நாள் அச்சாக்கை முகர்ந்து கத்தியதை இன்றும் மறக்க இயலவில்லை.

பின்னர் கால்நடை மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். ஆட்டுக்குட்டி பிறக்கும்போது அதன் உடலில் நோயை எதிர்க்கும் ஆற்றல் ஏறத்தாழ இல்லை. கருவில் தாயின் குருதி வழியே அது கிடைப்பதில்லை. சீம்பால் ஒன்றே அதைத் தருகிறது. அவ்வாற்றலை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் சில மணி நேரமே முழுமையாய் உண்டு; மணிக்கு மணி குறைந்து ஒரு நாளில் அது முடிந்துவிடும். குட்டி மடியை முட்டிக் குடிப்பதால் தாய்க்குத் தீங்கில்லை. கருப்பை சுருங்கி நஞ்சுக்கொடி விழவும் அது துணைசெய்யும். இவற்றையெல்லாம் கேட்டு நாம் தலைகுனிந்தோம். தாயும் இருந்தது, பாலும் இருந்தது. நடுவில் தடையாய் நின்றவர் நாமே.

மறு ஆண்டு அதே ஆடு மீண்டும் இரட்டைக் குட்டி ஈன்றது. இம்முறை கொப்பூழில் அயோடின் தடவி, துடைத்து, அரை மணிக்குள் இரண்டையும் மடியில் சேர்த்தோம். அதே மூதாட்டி அருகில் நின்று ஒன்றும் பேசாமல் பார்த்திருந்தார். சித்திரைக் கடைசியில் அவ்விரு குட்டிகளும் கொத்தவரைப் பாத்தியை மேய்ந்து தீர்த்தன. நாம் அவற்றைக் கடிந்துகொள்ளவில்லை.

ஆவணியில் அம்மூதாட்டி நம்மைத் தேடி வந்தார். பேத்திக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. பிறந்த சிசுவுக்குச் சீனித் தண்ணீர் தொட்டு வைக்கும் சேனை வழக்கம் அவர் குடும்பத்தில் தலைமுறையாய் உண்டு. "சேனை வைக்கவில்லை, சாமி. சர்க்கரையைக் கரைத்துக் கையில் எடுத்துவிட்டேன். உங்கள் ஆட்டுக்குட்டி நினைவுக்கு வந்தது. கீழே கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தாயிடம் கொடுக்கச் சொன்னேன்," என்றார்.

மனிதக் குழந்தை ஆட்டுக்குட்டியைப் போன்றதன்று. கருவிலேயே தாயின் குருதியிலிருந்து ஓரளவு காப்பைப் பெற்றுக்கொள்கிறது. ஆயினும் மஞ்சள் நிறச் சீம்பால் அதன் குடலுக்கும் தொண்டைக்கும் அளிக்கும் காவலை வேறெதுவும் அளிக்காது. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே என்று உலக நலவாழ்வு நிறுவனம் வலியுறுத்துகிறது. அதனைக் கெட்ட பால் எனப் பீய்ச்சிக் கொட்டும் பழக்கம் நம் இல்லங்களில் எங்கேனும் இருப்பின், அன்பான தாய்மாரே, பாட்டிமாரே, அது இன்றோடு ஒழியட்டும்.

இவ்வாண்டும் வேம்பு பூத்துவிட்டது. நமது தொழுவத்தில் ஓர் ஆடு நிறைசினையாய் நிற்கிறது. அரிக்கன் விளக்கையும் உலர்ந்த துணியையும் எடுத்துவைத்து நாம் விழித்திருக்கிறோம்.