மாலுமியின் சான்றேடு

என் தமக்கை மகன் ஒருவன், தூத்துக்குடியிலே பிறந்து வளர்ந்தவன். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய சில நாட்களில் என்னிடம் வந்து, "மாமா, நான் கப்பலில் வேலைக்குப் போகப் போகிறேன்" என்றான். துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு அந்த ஆசை எழுந்ததில் வியப்பில்லை. "எவ்வழியாகப் போவாய்?" என்று கேட்டேன். ஏஜண்டு ஒருவர் இருக்கிறாராம். நான்கு லட்ச ரூபாய் கொடுத்தால், ஏதோ ஒரு வெளிநாட்டின் மாலுமிப் புத்தகத்தை வாங்கித் தந்து, கப்பலிலும் ஏற்றி விடுவாராம். பயிற்சியும் வேண்டாமாம், பரீட்சையும் வேண்டாமாம். என் தமக்கையோ நகையை அடகு வைக்கவும் ஆயத்தமாக இருந்தாள். அன்று மாலை அவ்விருவருக்கும் நான் சொன்னவற்றையும், பின்னர் அவனோடு அலுவலக வாயில்களில் காத்து நின்று கற்றுக்கொண்டவற்றையுமே இன்று மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

மாலுமிப் புத்தகம் என்பது யாது? நம் நாட்டில் அதனைச் சி.டி.சி. என்ற மூன்றெழுத்தாலேயே எல்லாரும் வழங்குகிறார்கள். 'தொடர் பணிவிடுப்புச் சான்று' என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். மாலுமி ஒரு கப்பலில் ஏறும்போதும் இறங்கும்போதும் அதிலே ஒரு வரி பதியப்படும். கப்பலின் பெயர், அதன் பதிவெண், அவன் வகித்த பதவி, ஏறிய நாளும் இடமும், இறங்கிய நாளும் இடமும் ஆகியவையே அவ்வரியில் இருக்கும். பார்வைக்கு எளிய கணக்குத்தான். ஆனால் கடலில் கழிந்த ஒவ்வொரு நாளுக்கும் அதுவே சாட்சி. உயர்ந்த பதவிக்கான தேர்வை எழுத வேண்டுமானால் இத்தனை மாதம் கடலில் இருந்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. 1978இல் ஏற்பட்ட மாலுமிகளின் பயிற்சித் தரம் பற்றிய உலக உடன்படிக்கையின்படி, காவல் அதிகாரியாக விரும்புபவர் அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டத்தில் சேர்ந்திருந்தால் குறைந்தது 12 மாதமும், சேராதிருந்தால் 36 மாதமும் கடற்பணி செய்திருக்க வேண்டும். அம்மாதங்களை எண்ணுவதற்கு இந்தப் பதிவுகளே ஆதாரம். பொய்யான புத்தகத்திலே பதிந்த மாதங்கள் எண்ணிக்கையில் ஏறா. உப்புக் காற்றிலே உழைத்த இரண்டாண்டு, எழுதாத ஏடாகப் போய்விடும்.

இவ்வேட்டின் பழைய வரலாறு சுவையானது. 1836இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று கப்பல் விபத்துக்களை ஆராய்ந்து, கப்பல் தலைவர்களின் அறியாமையையும் குடிப்பழக்கத்தையும் காரணங்களுள் வைத்து எண்ணியது. அதன்பின் 1850இல் இயற்றப்பட்ட சட்டம், வெளிநாடு செல்லும் கப்பல்களின் தலைவருக்கும் துணைவருக்கும் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்கிற்று. சாதாரண மாலுமிக்கோ ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் ஒரு தனித்தாள் கிடைத்து வந்தது. தாளில் கெட்ட பெயர் எழுதியிருந்தால், அதைக் கிழித்துக் கடலில் எறிந்துவிட்டு அடுத்த கப்பலைத் தேடலாம்! 1900இல் அந்நாட்டில் தாள்களுக்குப் பதிலாகத் தொடர் ஏடு வந்தது. தைத்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்தால் தெரிந்துவிடும் அல்லவா? அவ்வேட்டில் திறமைக்கு ஒரு கட்டமும் ஒழுக்கத்துக்கு ஒரு கட்டமும் இருந்தன. 'மிக நன்று' என்ற முத்திரை விழுந்தால் பிழைத்தான். 'கருத்துக் கூற மறுக்கிறேன்' என்று தலைவர் எழுதிவிட்டால், வசைமொழி ஒன்றும் இல்லாமலே அம்மனிதனின் பிழைப்புக் கெட்டது. கேள்வி கேட்ட மாலுமியையும் கூலி குறைந்ததென்று முறையிட்ட மாலுமியையும் அடக்குவதற்கு அந்த மூன்று சொற்கள் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

1926இல் ஜினீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு இதனைக் கருதிப் பார்த்தது. மாலுமிக்கு அவன் செய்த பணியின் குறிப்பைக் கொடுக்க வேண்டும். ஆனால் அக்குறிப்பில் அவனுடைய வேலையின் தரத்தைப் பற்றியோ ஊதியத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இருத்தல் கூடாது என்று அது விதித்தது. நற்சாட்சி வேண்டுமென்றால் மாலுமி தனியே கேட்டுப் பெறலாம். பழைய வழக்கம் உடனே மறைந்துவிடவில்லை. எனினும் விதி நிலைத்தது. 2006ஆம் ஆண்டின் கடற்றொழிலாளர் உடன்படிக்கையும் அதையே திரும்பச் சொல்லுகிறது. இந்தியா 2015இல் அதனை ஏற்றுக்கொண்டது.

இனி நம் பையனின் கதைக்கு வருவோம். நம் நாட்டில் இத்துறைக்கு 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம் நெடுங்காலம் அடிப்படையாக விளங்கியது. 2025இல் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றியது. மேற்பார்வை செய்வது பம்பாயிலுள்ள, இன்றைய மும்பையிலுள்ள, கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம். சான்றேடு வழங்கும் ஷிப்பிங் மாஸ்டர் அலுவலகங்கள் மும்பையிலும் கொல்கத்தாவிலும் சென்னையிலும் இருக்கின்றன. முதலில் கடவுச்சீட்டு, அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு. அடுத்து இண்டோஸ் எனப்படும் மாலுமிப் பதிவெண். இது இல்லாமல் பயிற்சியில் சேர முடியாது. பையன் ஆறு மாதப் பொதுப்பணி மாலுமிப் பயிற்சியில் சேர்ந்தான். தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர்காத்தல் எல்லாம் கற்பித்தார்கள். மிதவைச் சட்டை அணிந்தபடி, தலைகீழாகக் கவிழ்ந்த உயிர்காப்புத் தெப்பத்தை நீரிலிருந்தே நிமிர்த்த வேண்டுமாம். அன்று வீட்டுக்குப் பேசியபோது அவன் குரலில் இருந்த பெருமையை எந்த ஏஜண்டிடம் விலை கொடுத்து வாங்க முடியும்?

மருத்துவச் சோதனையில் கண்ணுக்கே முதலிடம். கப்பலின் இடப்புறத்தில் சிவப்பு விளக்கும் வலப்புறத்தில் பச்சை விளக்கும் எரியும். இரவில் எதிரே வரும் கப்பல் எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதை அவ்விரு நிறங்களே அறிவிக்கும். நிறம் பிரித்தறியாதவன் காவல் நின்றால் என்னவாகும்? ஆகையால் இச்சோதனையை வெறும் சடங்கென்று எண்ணிவிடாதீர்கள். இச்சான்று இரண்டாண்டுக்கு மேல் செல்லாது. மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

எங்களை உண்மையில் வருத்தியது வேறொன்று. நம்மவர்க்குத் தந்தையின் பெயர் ஒரு முன்னெழுத்து மட்டுமே. பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தோடு நின்ற பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயராக விரிந்தது. பயிற்சிச் சான்றிதழிலோ அதே பெயரில் ஆங்கில எழுத்து ஒன்று மிகுந்துவிட்டது. ஓர் எழுத்துத்தானே என்று நாங்கள் நினைத்தோம். அலுவலகத்தார் அவ்வாறு நினைக்கவில்லை. திருத்தம் கேட்டு ஓரிடத்துக்குப் போனால், வேறிடத்திலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். இவ்வாறு மூன்று வாரம் கழிந்தது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆயினும் ஒருவன் பெயரில் மற்றொருவன் கப்பலேறிவிட இடம் தரலாகாது என்பதை ஆறிய பின் ஒப்புக்கொண்டேன். உங்கள் பள்ளிச் சான்றிதழை இன்று மாலையே எடுத்து, பெயரும் பிறந்த நாளும் மற்ற ஆவணங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காகத் தந்தை ஓராண்டைக் கூட்டிச் சொன்ன பிறந்த நாள்கள் நம் ஊரில் எத்தனை!

நான்கு லட்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, வேலை தேடித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவை மட்டுமே அவன் ஏற்க நேரிடலாம். விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது. ஆள் சேர்க்கும் நிறுவனத்துக்கு இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும்; உரிமம் பெற்றவர் பட்டியலை இயக்குநரகமே வெளியிடுகிறது. அந்த ஏஜண்டிடம் உரிம எண்ணைக் கேட்டு வா என்று பையனை அனுப்பினேன். மறுநாள் முதல் அவருடைய தொலைபேசி பேசவில்லை.

இத்தனை தாள்களும் போகத்தான், வரவும் அல்ல என்று நினையாதீர்கள். கரையில் இறங்குவதற்கும் ஊர் திரும்புவதற்கும் மாலுமிக்கென 1958லும், பின்னர் விரல்ரேகை முதலிய அடையாளங்களோடு 2003லும் அடையாளச் சீட்டு உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. இருந்தும் 2020இல் கொள்ளைநோயால் நாடுகள் கதவை அடைத்தபோது, ஒப்பந்தம் முடிந்தும் இறங்க இயலாமல் சுமார் 4 லட்சம் மாலுமிகள் கப்பல்களில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

பையன் ஒன்பது மாதம் கழித்துத் திரும்பினான். என் தமக்கை முதலில் அவன் புத்தகத்தைத்தான் வாங்கிப் புரட்டினாள். "நல்ல பிள்ளை என்று ஒருவரும் எழுதவில்லையே!" என்றாள்.

"எழுதக் கூடாதம்மா. அதுதான் சட்டம்" என்றான் அவன்.

"ஒன்பது மாதம் இருந்தாய் என்றாவது எழுதியிருக்கிறார்களா?"

அவன் அந்த ஒரு வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினான்.