பாடம் அம்மாவுக்கு

1943-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து ஒரு தபால் வழிப் பாடத்திட்டம் புறப்பட்டது. அதில் சேர்ந்தவர்கள் பிள்ளைகள் அல்ல. காது கேளாத பிள்ளைகளைப் பெற்றவர்கள். கட்டணம் கிடையாது. நடத்தியவர் லூயிஸ் டிரேசி, ஹாலிவுட் நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மனைவி. 1924-இல் பிறந்த அவர்களுடைய மகன் ஜான் கைக்குழந்தையாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது கதவு படாரென்று சாத்திக்கொண்டது. குழந்தை அசையவே இல்லை. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை.

மருத்துவத்தில் அதிகம் செய்ய வழியில்லாத காலம் அது. லூயிஸே மகனோடு உட்கார்ந்து பேசக் கற்றுக்கொடுத்தார். 1942-இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில், ஒரு சின்ன வீட்டில், தம்மைப் போன்ற தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு ஜான் டிரேசி கிளினிக்கைத் தொடங்கினார். பெயர்தான் கிளினிக், ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. அவ்வளவு தூரம் வர முடியாத பெற்றோருக்குத் தபாலில் பாடம் போகும். இன்று குழந்தை என்ன செய்தது, எதற்குத் திரும்பிப் பார்த்தது என்று அவர்கள் எழுதுவார்கள். கிளினிக்கிலிருந்து அந்தக் குழந்தைக்கென்றே ஒரு பதில் வரும். இன்று தபாலின் இடத்தில் வீடியோ அழைப்பு இருக்கிறது. பாடம் யாருக்கு என்பது மட்டும் மாறவில்லை.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்குச் செவித்திறன் குறைபாடு இருக்கிறது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காது நன்றாகக் கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள் என்கின்றன அமெரிக்கக் கணக்குகள். அந்தப் பெற்றோருக்கு இது முன்பின் தெரியாத உலகம். காலமோ காத்திருப்பதில்லை. ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்ற கணக்கைப் பல நாடுகள் இலக்காக வைத்திருக்கின்றன. ஏன் ஆறு மாதம்? கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டீன் யோஷினாகா-இடானோ குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமான காரணம். ஆறு மாதத்துக்குள் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்ட 72 குழந்தைகளையும் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட 78 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டம் மொழியில் தெளிவாக முன்னால் நின்றது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2000-இல் நெப்ராஸ்காவிலிருந்து மேரி பாட் மோலர் வெளியிட்டது. செவித்திறன் குறைந்த 112 குழந்தைகளின் சொல்வளத்தை ஐந்து வயதில் அளந்தார். சீக்கிரம் பயிற்சி தொடங்கிய குழந்தைகள் மேலாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை இருந்த வேறுபாட்டை அதிகமாக விளக்கியது குறைபாட்டின் அளவு அல்ல, குடும்பத்தின் ஈடுபாடு. தாமதமாகத் தொடங்கிய குழந்தைகளிடம்கூட அதன் பலன் தெரிந்தது.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஸ்பீச் தெரபி. இரண்டு வயதுக் குழந்தை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்தால் வாரத்துக்கு 84 மணி. தெரபிஸ்ட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் கையில் இருப்பது அதில் ஒன்றுதான். மிச்சம் 83 மணி நேரமும் குழந்தை இருப்பது அம்மா, அப்பா, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா ஆகியோரோடு. அவர்களைப் பழக்குவதுதானே புத்திசாலித்தனம்?

ஆனால் வழக்கமான தெரபி கிளினிக்குகளில் நடப்பது பெரும்பாலும் வேறு. தெரபிஸ்ட் பொம்மையை எடுத்துக் குழந்தையோடு விளையாடுவார். அம்மா மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். வீடியோ அழைப்பில் அது நடக்காது. திரைக்குள்ளிருந்து கை நீட்டிப் பொம்மையை எடுக்க முடியாது, ஓடும் குழந்தையைப் பிடித்து உட்கார வைக்கவும் முடியாது. எல்லாவற்றையும் வீட்டில் இருப்பவர்தான் செய்ய வேண்டும். நிபுணர் பார்க்கிறார், சொல்கிறார், மறுபடி பார்க்கிறார். தூரம் ஒரு குறை என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். இந்த விஷயத்தில் அந்தக் குறையே நல்லதாகப் போயிற்று என்பேன்.

ஒரு அழைப்பு எப்படிப் போகும்? அம்மா தோசை வார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போன் குழந்தையின் உயரத்தில் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. குழந்தை கல்லைக் காட்டி “தோ” என்கிறது. அம்மா உடனே, “இது என்ன? தோசை. சொல்லு, தோசை” என்கிறார். தெரபிஸ்ட் குறுக்கிடுகிறார்: “சொல்லச் சொல்லாதீங்க. அவன் சொன்னதை நீங்க நீட்டிச் சொல்லுங்க. தோசை! சூடான தோசை. தோசை வேணுமா? கேட்டுட்டு அப்படியே நிறுத்துங்க, காத்திருங்க.” காத்திருப்பதுதான் பெரியவர்களுக்கு வரவே வராது. காதில் விழுந்ததைக் குழந்தை பிடித்து, புரிந்து, பதிலைத் தேட நேரம் வேண்டும். நாம் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். இப்படிச் செய்து பார்த்து, திருத்திக்கொண்டு, இந்த வாரம் குளிக்க வைக்கும்போதும் இதையே செய்வோம் என்று முடிவு செய்து அழைப்பை முடிப்பார்கள்.

தமிழ் பேசும் வீட்டுக்கு இதில் தனி வேலை இருக்கிறது. நம் இலக்கணத்தின் பெரும்பகுதி சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘வீட்டுல’, ‘வீட்டுக்கு’, ‘வீட்டை’ எல்லாம் முதல் பாதியில் ஒன்றுதான். வேறுபடும் வால் வேகப் பேச்சில் தேய்ந்துபோகும். காது மெஷின் போட்ட குழந்தைக்கு அந்த வாலை நிறுத்தி, கொஞ்சம் ராகம் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வீடியோ அழைப்பு வீட்டுக்குள் நுழைவதால் இன்னொரு லாபம். கிளினிக் அறை அமைதியானது, வீடு அப்படியல்ல. குக்கர் விசில், மிக்ஸி, மின்விசிறி, சாயங்காலமானால் டிவி சீரியல். கேட்கும் காது இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுத்துக்கொள்ளும். மெஷின் வழியே கேட்கும் குழந்தைக்கு அது கடினம். தூரமும் எதிரிதான்: திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஆறு டெசிபல் குறைகிறது. அடுப்படியிலிருந்து கூப்பிடும் அம்மாவின் குரல் கூடத்துக்கு வருவதற்குள் என்ன ஆகும் என்று தெரபிஸ்ட் திரையிலேயே பார்த்துவிடுகிறார். “டிவியை அணைச்சிட்டுப் பக்கத்துல உட்கார்ந்து பேசுங்க” என்ற அறிவுரை அந்த வீட்டைப் பார்த்துச் சொன்னதாக இருக்கும்.

தொழில்நுட்பத்தின் ஒரு பலவீனமும் வேலையை அம்மாவின் பக்கமே தள்ளுகிறது. பழைய தொலைபேசி இணைப்பு சுமார் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வெட்டிவிடும். ‘ஸ்’ ஒலியின் வலு பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. இணைய அழைப்புகள் இதைவிட மேல், ஆனாலும் ஒலியைச் சுருக்கி அனுப்புகின்றன; இரைச்சல் என்று நினைத்துச் சில ஒலிகளை அமுக்கியும் விடுகின்றன. எனவே குழந்தை ‘ஸ்’ சொன்னதா இல்லையா என்பதைத் திரைக்கு அப்பால் இருப்பவர் நம்பிச் சொல்ல முடியாது. கனடாவில் பணியாற்றிய டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனை ஒன்று உண்டு: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பேச்சின் அகலம் முழுவதும் இந்த ஆறில் அடங்கிவிடும். தினமும் காலையில் மெஷினை மாட்டியதும் அம்மா வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். நேற்று ‘ஸ்’ஸுக்குத் திரும்பிய குழந்தை இன்று திரும்பவில்லை என்றால் பேட்டரியைப் பார், குழாயைப் பார், காதில் சளியா பார். இதை எந்த நிபுணரும் தொலைவிலிருந்து செய்ய முடியாது.

பலன் உண்டா? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 27 குடும்பங்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. ஒரு பாதியினர் வீட்டுக்கு வரும் பயிற்சியாளரிடம், மறு பாதியினர் பெரும்பாலும் வீடியோ வழியாக. ஆறு மாத முடிவில் வீடியோ குழுவின் குழந்தைகள் பேச்சு வெளிப்பாட்டில் முன்னே இருந்தார்கள். பெற்றோரின் ஈடுபாடும் அங்கேதான் அதிகம். 27 என்பது சிறிய எண், இதை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டாம். நேரில் வருவதைவிட மோசமில்லை என்ற நம்பிக்கையைத் தர அது போதும். 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வானொலியில் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கிய ஆஸ்திரேலியர்களுக்குத் தொலைவிலிருந்து கற்றுத்தருவது புதிதல்ல. சிட்னியின் காது கேளாதோர், பார்வையற்றோர் நிறுவனம் 2002-லேயே தொலைவில் இருக்கும் குடும்பங்களுக்காக ‘டெலிஸ்கூல்’ தொடங்கிவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இராது. டிரேசி கிளினிக் வாய்ப்பேச்சை மட்டுமே நம்பியது. சைகை மொழிக்கு அங்கே இடமில்லை. அந்தப் போக்கை வளர்ந்த காது கேளாதவர்கள் பலர் கடுமையாக விமர்சிக்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கருவி எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. பேச்சு வரும் வரும் என்று காத்திருந்து எந்த மொழியும் இல்லாமல் நான்கு வயது கடந்தால் அந்த இழப்பை ஈடுசெய்வது மிகக் கடினம். அமெரிக்காவில் காது கேளாத பெரியவர்களே குடும்பங்களுக்குச் சைகை மொழி கற்றுத்தரும் திட்டங்கள் உண்டு, அவையும் வீடியோவில் நடக்கின்றன. பேச்சுப் பயிற்சியோடு இதுவும் சேரட்டும் என்பவர்களின் பக்கம்தான் நான்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிறு வயதுக் குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்டை இலவசமாகப் பொருத்துகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் செவியியல் துறையினர், கிராமத்துக் குழந்தையின் செவியை நகரத்திலிருந்தே இணையம் வழியாகச் சோதிக்க முடியும் என்று செய்து காட்டியிருக்கிறார்கள். ஆக, கண்டுபிடிக்கவும் பொருத்தவும் வழி இருக்கிறது. பிறகு வாரா வாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தெரபிக்குப் போவதில்தான் பல குடும்பங்கள் களைத்துப் பாதியில் நின்றுவிடுகின்றன. வீடியோ பயிற்சி இவர்களுக்குத்தான் அதிகம் தேவை. அதே சமயம் போன் ஒன்றே இருக்கும் வீடுகளும் இவைதான். அது பகலில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பயிற்சி நேரத்தை அலுவலக நேரத்தில் வைத்தால் திட்டம் காகிதத்தில்தான் ஓடும். ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்கு வைத்துப் பார்க்கலாம். போனும் வீட்டில் இருக்கும், அப்பாவும் அகப்படுவார், குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரத்தைவிட நல்ல பாடவேளை கிடையாது.