கசப்பு மறைந்த மாத்திரை: அதை ஏன் இடிக்கக் கூடாது?

மாத்திரை உருவாக்குவதுதான் என் தொழில். அகமதாபாத்தில் மருந்துக் கம்பெனிகளின் ஃபார்முலேஷன் ஆய்வகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "சங்க மலருக்கு உங்க தொழிலைப் பற்றி எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரு கட்டுரை எழுதுங்க சார்" என்று நண்பர்கள் கேட்டார்கள். என் வீட்டிலேயே நடந்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

1999 டிசம்பர். கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் மணிநகரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அப்பாவுக்கு நாள்பட்ட இளைப்பு. குளிரில் அது கூடிவிட்டதால் டாக்டர் தியோஃபிலின் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தார். இரவில் ஒரே ஒரு மாத்திரை. அதிலிருந்து மருந்து நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். நான் ஆபீசில் இருந்ததால் அம்மாதான் கடைக்குப் போய் வாங்கி வந்தாள்.

முதல் இரண்டு இரவும் வயிற்றைப் புரட்டுகிறது என்றார் அப்பா. மூன்றாம் இரவு ஒரே வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம். இத்தனைக்கும் பகல் முடிந்து சாயங்காலம் ஆனால் இளைப்பு மட்டும் தவறாமல் திரும்பி வந்தது. அம்மாவிடம் விசாரித்தேன்.

"மாத்திரை பெரிசா இருக்குடா. அப்பாவால முழுங்க முடியல. இடிச்சுத் தேன்ல குழைச்சுக் குடுத்தேன். அப்பவும் வேப்பங்காயா கசக்கறதுன்னுதான் சொன்னார்."

"கடைக்காரர் ஒண்ணும் சொல்லலையாம்மா?"

"என்னமோ 'தோட்வி நஹீ'ன்னு ரெண்டு தரம் சொன்னார். நான் சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்."

உடைக்கக் கூடாது என்று அந்த மனிதர் குஜராத்தியில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அந்த மொழி தெரியாது. மொழியும் தெரிந்து, மாத்திரையும் தெரிந்த நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. டாக்டரிடம் ஓடினோம், அப்பா பிழைத்தார். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

நாக்கின் காவல்

தியோஃபிலின் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. 1888-இல் ஆல்பிரெக்ட் கோசெல் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி தேயிலையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். காப்பியில் உள்ள காஃபீனுக்கு அது நெருங்கிய உறவு, இரண்டுமே கசப்பு. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தி மூச்சை எளிதாக்கும்.

மனித நாக்கில் கசப்பை உணர மட்டும் சுமார் 25 வகை ஏற்பிகள் உள்ளன. தாவரங்களின் நஞ்சு பலவும் கசப்பானவை என்பதால் இயற்கை வைத்த காவல் இது. அதனால்தான் சர்க்கரையால் கசப்பை வெல்வது கடினம். இனிப்பு கரைந்து போன பிறகும் கசப்பு தொண்டையில் நிற்கும். நிலவேம்புக் கஷாயம் குடித்துவிட்டு வெல்லம் கடித்தவர்களுக்கு இது தெரியும்.

ஆனால் ஒரு பொருள் எச்சிலில் கரைந்தால்தான் நாக்குக்கு அதன் சுவை தெரியும். வாயில் இருக்கும் சில நொடிகள் மருந்தைக் கரைய விடாமல் தடுத்துவிட்டால் போதும். சுவை மறைப்பு என்ற கலையின் அடிப்படை இவ்வளவுதான்.

மெதுவாக ஏன் வர வேண்டும்?

வயது வந்தவர் உடலில் தியோஃபிலின் ஏறக்குறைய 8 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். சாதாரண மாத்திரை என்றால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை போட வேண்டும். ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் மருந்து மேலே ஏறி, பிறகு இறங்கும். இறங்கினால் இளைப்பு, அதிகம் ஏறினால் ஆபத்து.

இந்த மருந்தில் பாதுகாப்பான இடைவெளி குறுகியது. ரத்தத்தின் சீரத்தில் ஒரு மில்லிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்பது பழைய கணக்கு. இப்போது 5 முதல் 15 போதும் என்கிறார்கள். 20-ஐத் தாண்டினால் வாந்தி, தலைவலி, படபடப்பு வரும். இன்னும் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி வலிப்பே வரலாம். ஆகவே குழாயைத் திறந்து விட்டது போல் கொட்டாமல், சொட்டுச் சொட்டாக விடும் மாத்திரை தேவைப்பட்டது.

சப்ஜா விதையும் சீரக மிட்டாயும்

அதை எப்படிச் செய்கிறோம்? ஃபலூடாவில் போடும் சப்ஜா விதையை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் பட்டதும் அதைச் சுற்றி ஒரு வழவழப்பான ஜெல்லி வளர்கிறது. ஹைப்ரோமெல்லோஸ் என்ற பாலிமரும் அப்படித்தான். தாவர செல்லுலோஸிலிருந்து செய்யப்படும் வெள்ளைப் பொடி அது. மருந்தை அதனுடன் கலந்து இறுக அழுத்தி மாத்திரையாக்குகிறோம். வயிற்றில் நீர் பட்டதும் வெளிப்புறம் ஜெல்லியாக மாறும். உள்ளே இருக்கும் மருந்து அந்த ஜெல்லி வழியாக ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும். பாலிமரின் அளவையும் பிசுபிசுப்பையும் மாற்றினால் வேகம் மாறும்.

கசப்புக்கு வேறு வழி. சீரக மிட்டாயில் சீரகத்தைச் சுழலும் வட்டைக்குள் போட்டுப் பாகை ஏற்றுகிறார்கள் அல்லவா? மாத்திரைக்கு உறை போடும் முறையே மிட்டாய்க்காரர்களிடமிருந்து வந்ததுதான். சர்க்கரைக்குப் பதில் மெல்லிய பாலிமர் கரைசலைத் தெளித்து, சூடான காற்றில் உலர்த்துகிறோம்.

எங்கள் இழுபறி

2003-இல் இதே போன்ற கசப்பு மருந்து ஒன்று எங்கள் குழுவிடம் வந்தது. முதலில் மருந்துக் குருணைகளுக்கே எத்தில் செல்லுலோஸ் உறை போட்டோம். தண்ணீரில் கரையாத உறை. கசப்பு சுத்தமாகத் தெரியவில்லை. ஆனால் மாத்திரையாக அழுத்தியபோது அந்த உறைகள் விரிசல் விட்டன. கசப்பும் திரும்பியது, வெளியேறும் வேகமும் கெட்டது. உறையைத் தடிமனாக்கினால் பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் மருந்து பாதிதான் வந்தது. கசப்பை மறைக்கப் போய் மருந்தையே மறைத்துவிட்டோம்!

கடைசியில் இரண்டு வேலையையும் பிரித்தோம். மெதுவாக விடும் பொறுப்பு உள்ளே இருக்கும் ஜெல்லிக்கு. கசப்பை மறைக்கும் பொறுப்பு முழு மாத்திரைக்கும் மேலே போட்ட மெல்லிய உறைக்கு. மாத்திரை எடையில் சுமார் 3 சதவீதம்தான். அமிலத்தில் மட்டும் கரையும் பாலிமரை அதற்குத் தேர்ந்தெடுத்தோம். எச்சிலில் அமிலத்தன்மை குறைவு, அங்கே கரையாது. வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும்.

சோதனையில் மாத்திரையை 37 டிகிரி வெப்பத்தில் 900 மில்லி திரவத்தில் போட்டு, துடுப்பால் மெதுவாகக் கலக்கி, மணிக்கணக்கில் மாதிரி எடுத்து அளப்போம். பிறகு 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்து மறுபடியும் அளப்போம். இத்தனையும் மாத்திரை முழுதாக வயிற்றுக்குள் போகும் என்ற ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது.

அம்மிக்கல்லில் நடந்தது

அம்மா இடித்தபோது உறையும் போயிற்று, ஜெல்லி உருவாக வேண்டிய கட்டமைப்பும் போயிற்று. ஒரு நாள் முழுவதும் பிரிந்து வர வேண்டிய மருந்து கொஞ்ச நேரத்திலேயே ரத்தத்தில் சேர்ந்தது. அதனால் ராத்திரி வாந்தியும் படபடப்பும். மறுநாள் சாயங்காலத்துக்குள் மருந்து தீர்ந்துபோனதால் இளைப்பு. மருந்து அதேதான், அளவும் அதேதான். வந்த வேகம்தான் வேறு.

அப்பா சொன்ன அந்தக் கசப்பே ஒரு எச்சரிக்கை மணி. உறை போட்ட மாத்திரை கசந்தால், அது உடைந்திருக்கிறது என்று பொருள். தேன் போட்டு அந்த மணியின் சத்தத்தை அடக்கப் பார்த்தோம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

இன்று இளைப்புக்கு இன்ஹேலர்தான் முதலிடம், தியோஃபிலின் குறைந்துவிட்டது. ஆனால் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், வலி என்று பலவற்றுக்கும் இப்படிப்பட்ட மாத்திரைகள் நம் வீடுகளில் இருக்கின்றன.

அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர். என்ற எழுத்துகளோ ரிடார்ட் என்ற சொல்லோ இருந்தால் இடிக்காதீர்கள், மெல்லாதீர்கள். நடுவில் கோடு உள்ள சில மாத்திரைகளை இரண்டாக உடைக்கலாம்; அதையும் டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்டுத்தான் செய்ய வேண்டும். இந்த எழுத்துகள் இல்லாத மாத்திரைகளிலும் இடிக்கக் கூடாதவை உண்டு. ஆகவே சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள்.

விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சிரப்போ, சிறிய மாத்திரையோ, வேறு மருந்தோ தருவார். சில வகைகளில் வெறும் கூடு மலத்தில் வெளிவரும். மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து இன்னொன்று போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைத் தனியாக மருந்துக் கடைக்கு அனுப்பாதீர்கள். அனுப்ப வேண்டி வந்தால், கடைக்காரரிடம் நீங்களே போனில் பேசுங்கள். மாத்திரை அட்டையின் பின்னால் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டித் தமிழில் எழுதி வையுங்கள்: "இடிக்க வேண்டாம். முழுசா விழுங்கணும்." அந்த வருடம் நான் எழுதி ஒட்டிய காகிதத்தை அம்மா ஊருக்குத் திரும்பும்போது மறக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.