வைக்கோலிலுள்ள செலுலோசு: பிரித்தெடுத்தலும் இனங்காணலும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கடதாசியை இறக்குமதி செய்வதற்கான அந்நியச் செலாவணி நாட்டில் இருக்கவில்லை. இதே நாட்டிலேதான் 1956இல் வாழைச்சேனைக் கடதாசி ஆலை தொடங்கப்பட்டது. நெல் வைக்கோல் அதன் முதன்மையான மூலப்பொருள்களுள் ஒன்றாயிருந்தது. வயல்தோறும் வைக்கோல் குவிந்து கிடக்கையில் கடதாசிக்கு ஏன் பஞ்சம் என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது. நிர்வாகம், போர், வர்த்தகக் கொள்கை ஆகிய யாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் அவற்றுக்கு அப்பால், வைக்கோலின் இரசாயனத்திலேயே பொதிந்துள்ள ஒரு காரணத்தையே நாம் இங்கு ஆராய்கின்றோம்.

தாவரக் கலச்சுவரின் அடிப்படைப் பொருளை 1838இல் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு இரசாயனர் அன்செல்ம் பயென். குளுக்கோசு அலகுகள் நீண்ட சங்கிலியாய்க் கோக்கப்பட்ட பல்பகுதியமே செலுலோசு. பஞ்சில் அது ஏறத்தாழத் தூய நிலையிற் கிடைக்கின்றது. வைக்கோலிலோ உலர்நிறையில் மூன்றிலொரு பங்கு முதல் ஐந்திலிரு பங்கு வரையே உண்டு. எஞ்சியவற்றுட் பெரும்பகுதி எமிசெலுலோசும் இலிக்னினும் ஆகும். மரத்திற் பெரிதும் காணப்படாத இன்னொன்றும் வைக்கோலில் உண்டு. அதுவே சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிசிக்கமிலத்தை வேரால் உறிஞ்சி, இலையினதும் தாளினதும் மேற்றோலிற் படியவிடுகின்றது. பயிர் சாயாது நிற்பதற்கும், நோயையும் பூச்சியையும் தாங்குவதற்கும் அது உதவுகின்றது. கமக்காரனுக்கு நன்மையான இப்பொருளே ஆய்வுகூடத்திலும் ஆலையிலும் இடராக மாறுகின்றது.

பிரித்தெடுக்கும் முறை தோற்றத்தில் எளியது. வைக்கோலை அரைத்து, கரைப்பானொன்றால் மெழுகினை அகற்றியபின், அசற்றிக்கமிலத்தினால் அமிலமாக்கிய சோடியம் குளோரைற்றுக் கரைசலில் 70 முதல் 80 பாகை வெப்பநிலையில் வைப்பர். இலிக்னின் சிதைந்து கரைய, வெண்ணிற நார் எஞ்சும். அதனை 20 பாகையில் 17.5 சதவீதச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இடுமிடத்துக் கரையாது நிற்பதே அல்பா-செலுலோசு. கரைந்ததை அமிலமாக்க வீழ்படிவது பீற்றா. கரைசலிலே தங்குவது காமா. இவை இயற்கை வகுத்த பிரிவுகளல்ல, சோதனை முறை வகுத்த பிரிவுகள் என்பது மனங்கொள்ளத்தக்கது. காரத்தின் செறிவை மாற்றினால் விடையும் மாறும். ஆகவே செறிவும் வெப்பநிலையும் குறிக்கப்படாத 'செலுலோசுச் சதவீதம்' எதனையும் நாம் ஐயத்துடனேயே நோக்குதல் வேண்டும்.

இலிக்னினை அளவிடுகையிற் பிழை இன்னும் எளிதாக நேர்கின்றது. 72 சதவீதச் சல்பூரிக்கமிலத்தினாற் காபோவைதரேற்றுகளைக் கரைத்து, எஞ்சியதை நிறுத்து இலிக்னின் என்பர். மரத்துக்கு இது பொருந்தும். வைக்கோலிலோ சிலிக்காவும் கரையாது எஞ்சிவிடும். 100 கிராம் வைக்கோலிலிருந்து 25 கிராம் எச்சம் கிடைத்ததெனவும், அதனை எரித்தபோது 11 கிராம் சாம்பல் நின்றதெனவும் கொள்வோம். உண்மையான இலிக்னின் 14 கிராமே. எரித்துக் கழிக்க மறந்த மாணவன், வைக்கோல் மரத்தினளவு இலிக்னினைக் கொண்டதென்று முடிவு கட்டிவிடுவான்.

பிரித்தெடுத்தது செலுலோசுதானா என்பதை நிறுவுவதற்குச் செங்கீழ்க் கதிர் நிறமாலை துணைசெய்யும். அலையெண் 1510 அளவில் இலிக்னினின் வளையத்துக்குரிய பட்டையும், 1730 அளவில் எமிசெலுலோசின் எசுத்தர்க் கூட்டங்களுக்குப் பெரிதும் உரிய பட்டையும் மறைந்திருத்தல் வேண்டும். எக்ஸ்-கதிர்க் கோணல் சங்கிலிகளின் ஒழுங்கைக் காட்டும்: இயற்கைச் செலுலோசின் தலையாய உச்சி 22.5 பாகையை அண்டித் தோன்றும். ஆனால் 17.5 சதவீதக் காரம் அவ்வொழுங்கையே மாற்றி, இயற்கைச் செலுலோசை இரண்டாம் வகைச் செலுலோசாக்கிவிட வல்லது. பஞ்சைக் காரத்தாற் பதப்படுத்துகையில் மேர்சர் கையாண்ட மாற்றமும் இதுவே. ஆதலால் தாவரத்திலிருந்த பளிங்கொழுங்கை அறிய விரும்புவோர் காரத்தில் இடுவதற்கு முன்னரே மாதிரியை எடுத்துக்கொள்ளல் வேண்டும். சங்கிலியின் நீளத்தை, தகுந்த செப்புச் சேர்வைக் கரைசலிற் கரைத்துப் பிசுக்குமையால் மதிப்பிடலாம்.

ஆலைக்கு வருவோம். அங்கு வைக்கோல் சோடியம் ஐதரொட்சைட்டில் வேகவைக்கப்படுகின்றது. மரக்கூழ் ஆலைகள் வெந்தபின் எஞ்சும் கருநீரை வற்றவைத்து எரித்து, சோடாவை மீளப் பெறுகின்றன. அவற்றின் பொருளாதாரமே அம்மீட்சியிற் பெரிதும் தங்கியுள்ளது. வைக்கோற் கருநீரிலோ சிலிக்கா சோடியம் சிலிக்கேற்றாகக் கரைந்திருக்கும். அது நீரைப் பிசுக்காக்கி, ஆவியாக்கும் குழாய்களிற் படிந்து அடைக்கின்றது. சோடாவை மீட்கப் பயன்படும் சுண்ணாம்பையும் கெடுக்கின்றது. சிறிய ஆலைக்கு மீட்சி கட்டுப்படியாகாது; விலைகொடுத்து வாங்கிய சோடாவும் கரைந்த இலிக்னினும் ஆற்றையோ களப்பையோ சென்றடையும். நட்டம் ஆலைக்கென்றால் நஞ்சு மீனவனுக்கு. இந்த நட்டத்தின் பெரும்பகுதி செலுலோசுச் சதவீதத்தை மட்டும் காட்டும் திட்ட அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. கருநீரிற் காபனீரொட்சைட்டைச் செலுத்திக் காரத்தன்மையைக் குறைத்தால் சிலிக்கா வீழ்படிந்துவிடும். வேலையும் செலவும் அதிகம் என்பதே குறை. நமது கவனத்துக்கு மேலும் உரியது, சோடியம் ஐதரொட்சைட்டுக்குப் பதிலாகப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டைக் கையாளும் முறையாகும். அதன் கருநீரைப் பக்குவப்படுத்தி வயலுக்கு உரமாக இடலாம். நெற்பயிர் எடுக்கும் பொற்றாசியத்தின் பெரும்பகுதி நெல்மணியில் அன்றி வைக்கோலிலேயே தங்குவதால், வைக்கோலை ஆலைக்கு ஏற்றும் ஒவ்வொரு போகத்திலும் வயல் அதனை இழக்கின்றது. பொற்றாசியக் காரம் சோடாவிலும் விலை கூடியதுதான். ஆனால் அவ்விலையைக் கணிக்கையில், கமக்காரன் வாங்காமல் விடும் உரத்தின் விலையையும் கழித்துப் பார்த்தல் வேண்டும்.