கடலை குழைய வேண்டும்

வீட்டில் அரைத்த ஹம்முஸ் மணல் மணலாக வந்துவிட்டால் எல்லோரும் முதலில் மிக்சியைத்தான் குறை சொல்கிறார்கள். பாவம், மிக்சி என்ன செய்யும்? கடலை குழையவில்லை, அவ்வளவுதான். திருப்பூர்ப் பக்கம் கடலை குழையாமல் போவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பொறுமையாகப் பார்ப்போம். செய்முறை சின்னதுதான். காரணம் தெரிந்து செய்தால் ஒவ்வொரு தடவையும் சரியாக வரும்.

லெபனான், சிரியா, பாலஸ்தீனம் பக்கத்து வீடுகளில் அன்றாடம் சாப்பிடுகிற பண்டம் ஹம்முஸ். வெந்த கொண்டைக்கடலை, எள் விழுது, எலுமிச்சை, பூண்டு, உப்பு. இதற்கு மேல் ஒன்றுமில்லை. பெயர் வெளியூராக இருந்தாலும் பொருள் நமக்கு அந்நியமில்லை. நம் மாவட்டத்திலேயே குடிமங்கலம், பெதப்பம்பட்டி பக்கக் கரிசல் காடுகளில் கொண்டைக்கடலை விளைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் மண்ணில் தங்கிய மழை ஈரத்திலும் மார்கழிப் பனியிலும் வளர்ந்து காய்த்துவிடும். எள்ளுக்குப் பக்கத்திலேயே ஈரோடு மாவட்டத்துச் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இருக்கிறது. கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று தனித்தனியாக அங்கே ஏலம் போகிறது.

நம் காட்டில் விளைவது சின்னதான பழுப்புக் கடலை. தோல் தடிமன். ஹம்முஸுக்கு வழக்கமாகப் போடுவது பெரிய வெள்ளைக் கடலை. அது மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்திலிருந்து நம் மளிகைக் கடைகளுக்கு வருகிறது. முதல் தடவை வெள்ளையிலேயே செய்யுங்கள். கை பழகிய பிறகு நம் ஊர்க் கடலையை உடைத்த கடலைப்பருப்பில் செய்து பாருங்கள். அதில் தோலே கிடையாது என்பதால் நன்றாக மசியும். பொட்டுக்கடலையில் மட்டும் வேண்டாம். அது வறுத்தது. தண்ணீரில் வெந்த கடலையின் குழைவு அதில் வராது, சட்னிதான் கிடைக்கும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது முழு உண்மை. பக்கெட்டில் வெள்ளையாகப் படிவதும் சோப்பு நுரைக்காததும் எதனாலோ, அதனால்தான் பருப்பும் வேகாமல் நிற்கிறது. உப்புத் தண்ணி என்று நாம் சொன்னாலும், பருப்பை வேகவிடாதது சோற்றுப்பு இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். கடலையின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைப்பது பெக்டின் என்கிற பசை. வேகும்போது அந்தப் பசை கரைந்தால்தான் கடலை குழையும். கால்சியம் அந்தப் பசையோடு சேர்ந்து அதை இன்னும் இறுக்கிவிடும். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் நடுவில் ஒரு கடினம் நிற்பது இதனால்தான்.

இதற்கு வழி நம் ஊர்ச் சாயப்பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கடினத் தண்ணீரில் சாயம் சீராகப் பிடிக்காது என்பதால் சாஃப்ட்னர் பிளாண்டில் விட்டுத்தான் எடுப்பார்கள். அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலை ஓடவிட்டால் கால்சியம் கழன்றுபோய் சோடியம் மறுபடி ஏறிக்கொள்ளும். கடலையை உப்புத் தண்ணீரில் ஊறவைக்கும்போது அதன் தோலில் நடப்பதும் இதே மாற்றுதான். கால்சியம் இருந்த இடத்தில் சோடியம் உட்காருகிறது, தோல் இளகுகிறது. ஊறும்போது உப்புப் போட்டால் கடலை வேகாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர்.

ஆகவே 200 கிராம் வெள்ளைக் கடலைக்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் எடுங்கள். ஆற்றுத் தண்ணீரோ கேன் தண்ணீரோ போதும். போர் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். கடினத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். அந்தத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கல்லுப்பு, அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. சோடா காரத்தன்மை உடையது. காரம் பெக்டினைக் கரைக்கும். மளிகைக் கடையில் சமையலுக்கென்று கேட்டு வாங்குங்கள். சாயப்பட்டறையில் புழங்கும் சோடா ஆஷ் வேறு பொருள், சமையலறைப் பக்கமே வரக்கூடாது. சமையல் சோடாவையும் அள்ளிப் போடாதீர்கள். சோப்பு வாடை வரும், தயமின் என்கிற பி1 வைட்டமினும் வீணாகும்.

ஷிப்ட் முடிந்து ராத்திரி வந்ததும் ஊறப்போட்டால் காலையில் வேகவைக்கச் சரியாக இருக்கும். எட்டு மணி நேரமாவது ஊறட்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை கழுவி, புதுத் தண்ணீரும் கால் டீஸ்பூன் சோடாவும் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். முதல் விசிலுக்குப் பிறகு தீயைத் தணித்து இருபது, இருபத்தைந்து நிமிடம். சுண்டலுக்கு மணி உடையாமல் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வேகவைப்போம். ஹம்முஸுக்கு அந்தக் கணக்கு உதவாது. ஒரு கடலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால், எதிர்ப்பே இல்லாமல் மசிந்து, விரலில் நரநரவென்று எதுவும் தட்டக்கூடாது. தட்டினால் இன்னும் பத்து நிமிடம். பழைய சரக்காக இருந்தால் கூடுதலாகவே பிடிக்கும். புளிப்பு பெக்டினைக் கரையவிடாது என்பதால் எலுமிச்சை இந்தக் கட்டத்தில் கிட்டவே வரக்கூடாது.

எள் விழுதுக்குத் தோல் நீக்கிய வெள்ளை எள் வேண்டும். தோலோடு அரைத்தால் கசக்கும். 120 கிராம் எள்ளை இளந்தீயில் வறுங்கள். நிறம் மாறத் தொடங்கி மணம் வந்ததும் இறக்கிவிடுங்கள். ஆறியதும் மிக்சியின் சின்ன ஜாரில் விட்டு விட்டு அரைத்தால் முதலில் பொடியாகும், பிறகு எண்ணெய் விட்டு இளகும். இளகத் தயங்கினால் இரண்டு ஸ்பூன் எண்ணெய் சேர்க்கலாம். செக்கு நல்லெண்ணெயின் வாசம் தூக்கலாக இருக்கும், ஆகவே அளவோடு.

இரண்டு எலுமிச்சம்பழச் சாற்றில் மூன்று பல் பூண்டை நசுக்கிப் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். பூண்டை நசுக்கும்போதுதான் அதன் காட்டம் பிறக்கிறது. அதை உண்டாக்கும் நொதியைப் புளிப்பு அடக்கிவிடும், மணம் மட்டும் நிற்கும். இந்தச் சாற்றை வடிகட்டி எள் விழுதில் விட்டால் விழுது சட்டென்று இறுகிக் கட்டிகட்டியாகும். கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். எண்ணெய்க்குள் கிடந்த எள் துகள்கள் கொஞ்ச ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அடித்துக்கொண்டே இருங்கள். நாலைந்து ஸ்பூன் போனதும் இறுக்கம் விட்டு, நிறம் வெளுத்து, வழவழப்பாகத் திரளும். எண்ணெய் நுண்துளிகளாகத் தண்ணீருக்குள் பரவிவிட்டது என்பதற்கு அந்த வெளுப்புதான் அடையாளம்.

கடலையை நீர் வடித்து, சூடு கொஞ்சம் இருக்கும்போதே முக்கால் டீஸ்பூன் உப்போடு இதில் சேர்த்து நாலைந்து நிமிடம் அரையுங்கள். மிக்சி சூடாகாமல் நடுவில் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். சூடாக இருக்கும்போது தளர்வாகத் தெரியும், ஆறினால் கெட்டிப்படும். வேகவைத்த தண்ணீரில் ஒரு தம்ளர் எடுத்துவைத்திருந்தால் பிறகு இளக்கிக்கொள்ளலாம். மேலே எண்ணெயும் மிளகாய்த் தூளும். தொட்டுச் சாப்பிடச் சப்பாத்தி, கேரட், வெள்ளரி எதுவும் பொருந்தும். ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். நாலு மணி டீக்குத் தினமும் பன்னும் வர்க்கியும் சாப்பிட்டுப் பழகிய உடம்புக்கு இது நல்ல மாற்று. உலர்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது.

செய்வதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். ஒரே பாக்கெட்டிலிருந்து இரண்டு கைப்பிடி கடலை எடுத்து, ஒன்றைப் போர் தண்ணீரிலும் இன்னொன்றை நல்ல தண்ணீரிலும் உப்பு, சோடா எதுவும் போடாமல் ஊறவைத்து, அதே தண்ணீர்களில் தனித்தனியாக, ஒரே நேரம் வேகவையுங்கள். இரண்டையும் விரலில் அழுத்திப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரின் குணம் தெரிந்துவிடும். நாளைக்கு வைக்கிற சாம்பார்ப் பருப்புக்கும் அந்தக் கணக்கு உதவும்.