மலை மிதிவண்டி சாப்பர் ஆகும் விதம்

முன்சக்கரம் வண்டியின் உடலைவிட்டு வெகுதூரம் முன்னே நீண்டிருக்க, இருக்கை தாழ்ந்து பின்சக்கரத்தை ஒட்டி அமைய, ஹேண்டில்பார் ஓட்டுபவரின் தோள் உயரத்துக்கு எழுந்து நிற்கும் வண்டி வகை சாப்பர் எனப்படுகிறது. இவ்வடிவம் முதலில் மோட்டார் சைக்கிளில் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில், கனமான ஹார்லி-டேவிட்சன் வண்டிகளின் மட்கார்டு முதலிய உறுப்புகளை வெட்டியெறிந்து எடையைக் குறைக்கும் பழக்கம் பரவியது. தொடக்கத்தில் வேகத்துக்காகச் செய்யப்பட்ட இவ்வேலை, காலப்போக்கில் தோற்றத்துக்கான கலையாக மாறி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் என்னும் கவையை நீட்டிக்கொண்டே போவதில் வந்து நின்றது. 1969இல் வெளிவந்த ‘ஈசி ரைடர்’ திரைப்படம் இவ்வடிவத்தை உலகறியச் செய்தபோதும், அப்படத்தின் வண்டிகளை உருவாக்கிய பென் ஹார்டி, கிளிஃப் வாஃப்ஸ் என்னும் கறுப்பின வினைஞர்களின் பங்கு நெடுங்காலம் பேசப்படாமலே கிடந்தது.

மிதிவண்டியில் இந்தப் பாணி புகுந்தது சிறுவர்கள் வழியாகத்தான். தென்கலிபோர்னியச் சிறுவர்கள் சிறுசக்கர மிதிவண்டிகளில் உயர்ந்த ஹேண்டில்பாரையும் வாழைப்பழ வடிவிலான நீள இருக்கையையும் தாமே பொருத்திக்கொண்டதைக் கவனித்த ஷ்வின் நிறுவனத்தின் ஆல் ஃபிரிட்ஸ், அதே அமைப்பை 1963இல் ‘ஸ்டிங்-ரே’ என்ற பெயரில் ஆலை உற்பத்தியாக்கினார். ஆலைகள் புதுமையைப் படைத்துத் தெருவுக்குத் தருகின்றன என்ற பொதுக்கருத்துக்கு இது நேர்மாறான சான்று. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த ராலே நிறுவனம் பின்னே 20 அங்குலச் சக்கரமும் முன்னே 16 அங்குலச் சக்கரமும் கொண்ட ‘ராலே சாப்பர்’ வண்டியை அறிமுகப்படுத்தியது. ஆனால் பின்னோக்கி அமைந்த இருக்கையால் எடை முழுவதும் பின்சக்கரத்தில் விழுந்து முன்சக்கரம் எளிதில் மேலெழும்பியதால், 1972இல் வந்த இரண்டாம் வடிவில் இருக்கையை முன்னே நகர்த்த வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனமே தடுமாறிய இவ்விடத்தில்தான் சாப்பர் அமைப்பின் உண்மையான சிக்கல் இருக்கிறது. அது அழகைப் பற்றிய சிக்கலன்று, வடிவியல் பற்றியது.

இன்று பட்டறையிலோ வீட்டுக் கொல்லையிலோ சாப்பர் அமைப்போர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது, 1980களிலும் 90களிலும் விற்ற பழைய மலை மிதிவண்டியையே. இதில் ஒரு பொருத்தமும் உண்டு. மலை மிதிவண்டியே பழைய வண்டியைத் திருத்திப் பிறந்ததுதான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், 1930களின் பருத்த டயர் கொண்ட ஷ்வின் வண்டிகளுக்கு வலுவான பிரேக்கும் கியரும் பொருத்தி மலைப்பாதைகளில் இறக்கியவர்களின் கைவேலையே பின்னர் தனித் தொழிலாக வளர்ந்தது. தேர்வுக்கான முதன்மைக் காரணம் உலோகம். அக்கால மலை மிதிவண்டிகளில் பெரும்பாலானவை எஃகுக் குழாய்களால், அவற்றுள் சற்று விலை கூடியவை குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகால் ஆனவை. எஃகை வெட்டலாம், வளைக்கலாம், எளிய கருவிகளால் மீண்டும் பற்றவைக்கலாம். அலுமினியச் சட்டகமோ ஆலையில் வெப்பப்பதம் செய்யப்பட்டு வலிமை பெற்றது. பற்றவைத்த இடத்தில் அந்தப் பதம் அழிந்துவிடுவதாலும், அதை மீட்க முழுச் சட்டகத்தையும் உலையில் வைக்க வேண்டியிருப்பதாலும், அது இவ்வேலைக்கு உதவாது. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதே பழைய இரும்புக் கடையில் போதுமான சோதனை.

ஃபோர்க்கை நீட்டுவதால் நிகழ்வதைப் புரிந்துகொள்ள மூன்று அளவுகளை அறிந்திருக்க வேண்டும். சட்டகத்தின் முன்னோரத்தில் ஃபோர்க்கின் தண்டு நுழைந்து சுழலும் குட்டையான குழாய் தலைக்குழாய். அது தரையோடு அமைக்கும் கோணம் தலைக்கோணம். அக்குழாயின் மையக்கோட்டிலிருந்து சக்கர அச்சு முன்னே தள்ளியிருக்கும் தொலைவு முன்தள்ளல். அதே மையக்கோட்டைத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், அதற்குப் பின்னால் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலுள்ள தொலைவு ட்ரெயில் எனப்படும். கடைகளில் பொருள் வாங்குவோர் தள்ளும் வண்டியின் சுழல்சக்கரம், தள்ளும் திசைக்குத் தானாகவே திரும்பித் தன் தாங்கியின் பின்னால் வந்து நிற்பது போல, ட்ரெயில் உள்ள முன்சக்கரமும் நேராக ஓட முனைகிறது. மிதிவண்டி சாயாமல் ஓடுவதற்கு ட்ரெயில் மட்டுமே காரணமன்று என்பதும் கூறத்தக்கது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், ட்ரெயிலும் சக்கரச் சுழற்சியின் விளைவும் நீக்கப்பட்ட வண்டியும் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளக்கூடும் என்பதை 2011இல் செய்முறையாகவே காட்டினர். ஆயினும் கையில் உணரப்படும் ஓட்டத்தன்மையைத் தீர்மானிப்பதில் ட்ரெயிலுக்குப் பெரும்பங்கு உண்டு.

26 அங்குலச் சக்கரமும், 71 பாகைத் தலைக்கோணமும், 40 மில்லிமீட்டர் முன்தள்ளலும் கொண்ட வழக்கமான மலை மிதிவண்டியின் ட்ரெயில் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். இதன் ஃபோர்க்கை 220 மில்லிமீட்டர் நீட்டினால், சட்டகம் பின்அச்சைப் பற்றிச் சுழன்று முன்பக்கம் உயர, தலைக்கோணம் ஏறத்தாழ 60 பாகைக்குச் சாய்கிறது. 20 மில்லிமீட்டருக்கு ஒரு பாகை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது ட்ரெயில் 147 மில்லிமீட்டராக, அதாவது இருமடங்காகிறது. இதைவிடத் தொல்லை தருவது இன்னொன்று. சாய்ந்த தலையுள்ள வண்டியில் ஹேண்டில்பாரைச் சற்றே திருப்பினாலும் வண்டியின் முன்பகுதி தாழ்வதால், சக்கரம் மேலும் மேலும் அப்பக்கமே விழப் பார்க்கிறது. இந்த விழும் போக்கின் அளவு 71 பாகையில் ஏறத்தாழ 22 மில்லிமீட்டராக இருந்தது 60 பாகையில் 64 ஆகி, மூன்று மடங்கை நெருங்குகிறது. நேர்ச்சாலையில் வேகமாகச் செல்லும்போது சாப்பர் அசையாத உறுதியுடன் ஓடுவதும், நடக்கும் வேகத்தில் திருப்பும்போது கையைப் பிடுங்குவதும் இக்கணக்கின் இரு முகங்கள்.

ஆகவே தேர்ந்த வினைஞர் ஃபோர்க்கின் நீளத்தை முதலில் முடிவு செய்வதில்லை; ட்ரெயில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ப மற்றவற்றை அமைக்கிறார். அதற்கு இரு வழிகள் உள்ளன. அச்சைத் தாங்கும் பிளவுத் தகடுகளைக் குழாயின் நுனிக்கு நேராக வைக்காமல் முன்னே தள்ளிப் பற்றவைத்து முன்தள்ளலைக் கூட்டுவது ஒன்று. 60 பாகையிலும் பழைய ட்ரெயிலே வேண்டுமெனில் முன்தள்ளல் 104 மில்லிமீட்டராக வேண்டும், பாதி வழி சென்றாலும் வண்டி பணியும். முன்சக்கரத்தைச் சிறியதாக்குவது மற்றொன்று. அதே கோணத்தில், அதே 40 மில்லிமீட்டர் முன்தள்ளலில், 20 அங்குலச் சக்கரம் பொருத்தினால் ட்ரெயில் 100 மில்லிமீட்டருக்குக் குறைகிறது. ஆனால் அச்சு தாழ்ந்துவிடுவதால் கோணம் மாறாதிருக்க ஃபோர்க்கை மேலும் 90 மில்லிமீட்டருக்குமேல் நீட்ட நேரிடும். தோற்றத்தை விரும்புவோருக்கு அது இழப்பன்று, பேறு.

ஃபோர்க்கை மட்டும் நீட்டும் எளிய முறைக்கு இன்னொரு விலையும் உண்டு. சட்டகம் முழுவதும் பின்னோக்கிச் சாய்வதால், பெடல் அச்சைத் தாங்கும் அடிக்குழாய் ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் உயர்ந்துவிடுகிறது. தாழ்ந்து அமர வேண்டிய வண்டி உயர்ந்து அமர்கிறது. இதைத் தவிர்க்க விரும்புவோர், மேல்குழாயையும் கீழ்க்குழாயையும் தலைக்குழாயின் அருகே வெட்டி, தலைக்குழாயைச் சாய்த்து மீண்டும் பற்றவைக்கின்றனர். வண்டியின் உடல் கிடையாகவே நிற்க, முன்பகுதி மட்டும் நீளும் இம்முறையே அழகில் சிறந்தது. ஆனால் ஓட்டத்தின்போது மிகுந்த விசை தாங்கும் மூட்டே பிரிக்கப்படுவதால், கோணம் பிசகாமல் பிடிக்கும் அச்சுச்சட்டமும் மூட்டைத் தாங்கும் முக்கோணத் தகடுகளும் இன்றி இதில் இறங்குவது அறிவீனம்.

நீட்டிய ஃபோர்க் தாங்க வேண்டிய சுமை சாதாரணமானதன்று. அதே எடை முன்சக்கரத்தில் விழும்போது, 400 மில்லிமீட்டராக இருந்த ஃபோர்க் 620 ஆகிச் சாய்வும் கூடினால், அதன் உச்சியில் தோன்றும் வளைவிசை ஏறத்தாழ இருமடங்காகிறது. எனவே கால்களை வெட்டி நடுவில் வெற்றுக்குழாயை ஒட்டவைப்பது போதாது. வெட்டின் இருபுறமும் குழாய் விட்டத்தின் இருமடங்கு நீளமேனும் உள்ளே செல்லுமாறு இறுக்கமான உட்குழாய் ஒன்றைச் செருகி, வெட்டைச் சாய்வாக அமைத்து, சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். தலைக்குழாய்க்குள் சுழலும் தண்டை மட்டும் எக்காரணத்தாலும் ஒட்டுப்போடுவதில்லை. அது முறிந்தால் ஓட்டுபவருக்கு முன்னறிவிப்பே கிடைக்காது. இன்னும் உறுதி வேண்டுவோர், மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போலக் கால்களைத் தலைக்குழாயின் மேலும் கீழும் இரு பிடிப்புத் தகடுகளால் கவ்வுமாறு அமைக்கின்றனர். இரு கால்களின் நீளமும் ஒன்றாயிருப்பதில் துல்லியம் தேவை: முன்அச்சின் இரு பிடிப்புகளுக்கிடையே 100 மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே இருப்பதால், ஒரு மில்லிமீட்டர் வேறுபாடே ரிம்மின் மேல்விளிம்பை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் ஒருபுறம் ஒதுக்கிவிடும்.

எங்கே வெட்டுவது என்பதைப் பிரேக்கே தீர்மானிக்கிறது. பழைய மலை மிதிவண்டியில் பிரேக் கட்டைகளைத் தாங்கும் முளைகள் ஃபோர்க்கின் கால்களிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். முளைகளுக்கு மேலே வெட்டி நீட்டினால் அவற்றுக்கும் அச்சுக்கும் உள்ள தொலைவு மாறாமல் பிரேக் அப்படியே பயன்படும். கீழே நீட்டினால் சக்கரம் விலகிப்போய் முன்பிரேக்கே இல்லாத வண்டி மிஞ்சும். முன்சக்கரத்தைச் சிறியதாக்குவோர் முளைகளையும் புதிய ரிம்முக்கு ஏற்ப இறக்கிப் பற்றவைக்க வேண்டும். கியரை நீக்கி, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் உள்ள பின்சக்கரத்தைப் பொருத்தினால் கம்பிகள் குறைந்து வண்டி துப்புரவாகத் தோன்றும் என்பது உண்மை. ஆனால் அதற்கு அச்சை முன்பின் நகர்த்திச் செயினை இறுக்கும் கிடைப்பிளவு தேவை. பிற்கால மலை மிதிவண்டிகளில் பிளவு செங்குத்தாக இருப்பதால் அவ்வாறு இறுக்க இயலாது. ஸ்பிரிங் வைத்த இறுக்கியோ பின்மிதியின் விசையைத் தாங்காது.

இருக்கையும் ஹேண்டில்பாரும் ஒப்பீட்டளவில் எளிய வேலைகள். நீள இருக்கையின் பின்முனையைத் தாங்க, பின்அச்சிலிருந்து எழும் வளைகம்பி ஒன்று வேண்டும். ஹேண்டில்பார் உயர்ந்த அளவுக்குப் பிரேக் கம்பிகளும் நீள வேண்டும். இருக்கையைப் பின்அச்சுக்கு நேர்மேலேயோ அதற்கும் பின்னாலோ கொண்டுபோகும் ஆசை மட்டும் அடக்கப்பட வேண்டியது. ஃபோர்க் நீண்டதால் வண்டியின் நீளம் 90 மில்லிமீட்டர் அளவே கூடுகிறது, அது ஏற்றத்தில் முன்சக்கரம் எழும்பாமல் தடுக்கப் போதாது.

பற்றவைக்கும்முன் குழாய்களின் மேற்பூச்சைச் சுரண்டி நீக்குவது தவிர்க்க முடியாதது. குரோம் பூச்சின் மேல் பற்றவைத்தால் புற்றுநோய் விளைவிக்கும் குரோமியப் புகையும், துத்தநாகப் பூச்சின் மேல் பற்றவைத்தால் காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும் புகையும் எழும். விலையுயர்ந்த எஃகுக் குழாய்கள் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் செய்யப்பட்டிருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; நடுப்பகுதியில் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பாதியளவே இருக்கக்கூடும், அங்கே மின்வில் பட்டால் துளைதான் விழும். மெல்லிய குழாய்க்குப் பித்தளைக் கம்பி கொண்டு வாயுச் சுடரில் பற்றவைக்கும் பழைய முறை இன்றும் ஏற்றது, ஏனெனில் அதில் எஃகு உருகுவதில்லை. பித்தளை மட்டுமே உருகி இடுக்கில் பாய்கிறது.

வண்ணம் பூசுவது இறுதி வேலை. அதையும் உடனே செய்யலாகாது. முடிந்த வண்டியைச் சில வாரங்கள் வெற்று உலோகமாகவே, துருப்பிடிக்காமல் மெல்லிய எண்ணெய் மட்டும் தடவி, போக்குவரத்தில்லாத சமதளத்தில் ஓட்டிப்பார்த்து, ஒவ்வொரு முறையும் பற்றவைத்த இடங்களை விளக்கொளியில் ஆராய்வது அனுபவமுள்ளோர் வழக்கம். பற்றவைப்பின் ஓரத்தில் மயிரிழைபோல் தோன்றும் விரிசல் வெற்று எஃகில் துருக்கோடாக எளிதில் தெரியும். தடித்த பூச்சு அதை மறைத்துவிடும். அவ்வாறு விரிசல் தென்பட்டால் அதன் மேலேயே மீண்டும் உலோகத்தை நிரப்பாமல், அப்பகுதியை முழுதும் அரைத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும்.